தன் கையால் முடித்தவர்: ரெசோ கப்ரியாட்ஸேவின் திரையும் பாவையும்



திரைக்கதைக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கோட்பாடாகப் பேசுவதைவிட ஒரு மனிதரின் வாழ்நாள் வேலையை முன்வைத்துப் பேசலாம் என்று நினைத்தேன். கருங்கடலின் கிழக்குக் கரையில், காக்கசஸ் மலைகளை ஒட்டி இருக்கும் ஜார்ஜியா என்ற சிறிய நாட்டைச் சேர்ந்தவர் ரெசோ கப்ரியாட்ஸே. 1936இல் பிறந்து 2021இல் மறைந்தார். 30க்கும் மேற்பட்ட படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர். 1981இல் திபிலீசி நகரில் ஒரு பாவை நாடக அரங்கைத் தொடங்கியவர். ஓவியர், சிற்பியும்கூட.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் வாழ்க்கையை இரண்டாக வகிர்ந்துவிடுவது வழக்கம். முதல் பாதி சினிமா, இரண்டாம் பாதி பொம்மை. சினிமாவில் சலித்துப்போய்ப் பொம்மைக்குப் போனார் என்று முடித்துவிடுவார்கள். இந்தப் பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை. எழுதியவனே தன் கையால் கடைசிவரை செய்து முடிக்கக்கூடிய ஒரு வடிவம் உண்டா என்ற ஒரே தேடல்தான் அவருடைய எல்லா வேலைகளிலும் ஓடுகிறது. பாவை அரங்கம் அந்தத் தேடலின் விடை. இன்றைய என் பேச்சு முழுவதும் இதைப் பற்றியதுதான்.

1. பிறந்த ஊர்

மேற்கு ஜார்ஜியாவில் ரியோனி ஆற்றங்கரையில் இருக்கும் குட்டாயிசிதான் கப்ரியாட்ஸேவின் ஊர். நாட்டின் பழைய நகரங்களில் ஒன்று. குன்றின்மேல் பதினோராம் நூற்றாண்டின் பக்ராத்தி தேவாலயம் நிற்கிறது. அவர் கண்விழித்துப் பார்த்த குட்டாயிசி இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஊர். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். போர் முடிந்த பிறகு ஜெர்மன் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். கோடையில் கிராமத்துத் தாத்தா பாட்டியிடம் அனுப்பப்பட்ட சிறுவனுக்கு அந்த இரண்டு முதியவர்களும் மரங்களும் ஆடுமாடுகளுமே உலகம். பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் பாதிக்குமேல் இந்தச் சில ஆண்டுகளிலிருந்து வந்தவை. ஒருவன் எழுதித் தீர்க்க முடியாத அளவுக்குப் பத்து வயதுக்குள் பார்த்துவிடுகிறான் என்பதற்கு அவரைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

திபிலீசி பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். செய்தியாளராக வேலை பார்த்தார். பிறகு மாஸ்கோவில் திரைக்கதையாசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்குமான உயர்நிலைப் பயிற்சியில் சேர்ந்தார். இந்தப் பகுதியில் நாம் நின்று பார்க்க அதிகம் இல்லை. செய்தியாளரின் சிக்கனம் அவருடைய வசனங்களில் கடைசிவரை இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

2. ஒரு சிற்பியின் கதை

எல்தார் ஷெங்கெலாயா இயக்கி 1968இல் வெளிவந்த ‘அசாதாரணக் கண்காட்சி’ படத்துக்குக் கப்ரியாட்ஸே திரைக்கதை எழுதியபோது அவருக்கு முப்பது வயதைச் சற்றே கடந்திருந்தது. என் வாதத்துக்கு இந்தப் படம்தான் அடித்தளம்.

அகுலி என்ற இளம் சிற்பி. கிரேக்கத்தின் பாரோஸ் தீவுப் பளிங்குக்கல் ஒன்று அவன் கைக்கு வருகிறது. பழங்காலச் சிற்பிகள் தேடி அலைந்த கல். அதில் தன் வாழ்நாளின் மிகச்சிறந்த சிற்பத்தைச் செதுக்குவேன் என்று அதை அவன் தொடாமல் வைத்திருக்கிறான். போர் வருகிறது, முடிகிறது. திருமணம் ஆகிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள். சோற்றுக்கு வழி வேண்டுமே என்று இறந்துபோனவர்களுக்குக் கல்லறைச் சிலை செய்து கொடுக்கிறான். ஒன்று இரண்டாகிறது, இரண்டு பத்தாகிறது. பளிங்குக்கல் அப்படியே நிற்கிறது. தலை நரைத்த பிறகு ஒருநாள் ஊர் இடுகாட்டில் நின்று சுற்றிப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் கல்லாகி நிற்கின்றன. அவன் செய்யாமல் விட்டதாக நினைத்த கண்காட்சி அதுதான். பளிங்குக்கல்லைத் தன் மாணவனிடம் ஒப்படைக்கிறான்.

இதைத் தோற்றுப்போன கலைஞனின் கதை என்று விமரிசகர்கள் சொல்வதுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அகுலியின் கை பட்ட கல் ஒவ்வொன்றும் யாரோ ஒரு விதவைக்கும் ஒரு பிள்ளைக்கும் தேவைப்பட்டது. தொடாத கல் யாருக்கும் தேவைப்படவில்லை. முப்பது வயதுக்காரர் ஒருவர் இதை எழுதினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பெரிய கனவை ஓரமாக வைத்துவிட்டுக் கையில் இருக்கும் சிறிய வேலையைச் செய்யும் மனிதர்மேல் அவருக்கு இருந்த மதிப்பு இங்கே தொடங்குகிறது.

அதே இயக்குநருக்கு 1973இல் எழுதிய ‘கிறுக்கர்கள்’ படத்தில் சிறையில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு பேர் ஒரு பறக்கும் இயந்திரம் கட்டுகிறார்கள். அதை இயக்கும் எரிபொருள் காதல். பலகையும் துணியும் சக்கரமுமாகப் பட்டறையில் கோத்தெடுத்த அந்த இயந்திரத்தைத் திரையில் பார்க்கும்போதே இவர் நாளைக்குப் பாவை செய்யப்போகிறவர் என்று சொல்லிவிடலாம்.

3. இடையில் நின்ற கைகள்

கியோர்கி தனேலியா என்ற இயக்குநரோடு கப்ரியாட்ஸே சேர்ந்து செய்த படங்கள்தாம் சோவியத் நாடு முழுவதும் அவர் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. 1969இல் ‘வருந்தாதே’. பிரெஞ்சு எழுத்தாளர் குளோத் தில்லியேயின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்றை ஜார்ஜிய மண்ணுக்குப் பெயர்த்துக்கொண்டுவந்து நட்டார்கள். அதில் ஒரு காட்சியை அவசியம் சொல்ல வேண்டும். தன் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த முதிய மருத்துவர் ஒருவர் நண்பர்களையெல்லாம் அழைத்து விருந்து வைக்கிறார். தன் சாவு விருந்தில் தானே தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். செர்கோ சக்காரியாட்ஸே என்ற மாபெரும் நடிகர் அந்த வேடத்தில். மேசையில் பாட்டும் மதுவும் ஓடுகின்றன. சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தி, எந்தப் பக்கமும் தள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். இதுதான் கப்ரியாட்ஸேவின் இடம். வாழ்நாள் முழுவதும் அவர் அங்கேதான் நின்று எழுதினார்.

1977இல் ‘மிமினோ’. விக்டோரியா தோக்கரேவாவும் தனேலியாவும் கப்ரியாட்ஸேவோடு சேர்ந்து எழுதியது. மலைக்கிராமங்களுக்கு ஹெலிகாப்டர் ஓட்டும் ஜார்ஜியன் ஒருவன் பெரிய விமானம் ஓட்ட ஆசைப்பட்டு மாஸ்கோவுக்குப் போகிறான். ஆசைப்பட்டது கிடைக்கிறது. ஊர் நினைவு விடவில்லை. மேற்கு பெர்லினிலிருந்து தன் ஊரான தெலாவிக்குத் தொலைபேசியில் பேச முயல்கிறான். இணைப்பு தவறிப்போய் டெல் அவிவ் நகரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே எடுத்தவர் ஜார்ஜியாவிலிருந்து குடியேறிய யூதர். முன்பின் பார்த்திராத இருவரும் தாய்மொழியில் பேசுகிறார்கள். பிறகு தொலைபேசியிலேயே சேர்ந்து பாடுகிறார்கள். இஸ்ரேலோடு சோவியத் அரசுக்கு உறவு இல்லாத காலம் அது. அந்தக் காட்சியை எடுத்துவிடும்படி அதிகாரிகள் நெருக்கினார்கள். மாஸ்கோ திரைப்பட விழாவுக்கு மட்டும் அந்தக் காட்சி இல்லாத பிரதியைக் காட்டுவது என்று ஏற்பாடாயிற்று. படம் அந்த விழாவில் தங்கப் பரிசு பெற்றது.

பரிசு பெற்ற பிரதியில் படத்தின் உயிரான காட்சி இல்லை. இதை ஒரு திரைக்கதையாசிரியரின் இடத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள். அவர் எழுதியது முதலில் ஸ்டுடியோவின் கதைக்குழுவுக்குப் போகும். அங்கிருந்து குடியரசின் திரைப்படக் குழுவுக்கு, பிறகு மாஸ்கோவுக்கு. அத்தனை கையெழுத்தும் விழுந்த பிறகுதான் இயக்குநர் கைக்கு வரும். பிறகு ஒளிப்பதிவாளர், நடிகர், படத்தொகுப்பாளர். எழுதியவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே இத்தனை கைகள். சில கைகள் படைப்பை வளர்த்தன. தனேலியாவின் கை அப்படிப்பட்டது. சில கைகள் கத்தரித்தன.

1986இல் இருவரும் சேர்ந்து எழுதிய ‘கின்-ட்சா-ட்சா’ பற்றித் தனியாகவே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தலாம். மாஸ்கோவின் கட்டட மேற்பார்வையாளர் ஒருவரும் ஜார்ஜிய மாணவன் ஒருவனும் வேற்றுக் கோளின் பாலைவனத்தில் போய் விழுகிறார்கள். அங்கே தீக்குச்சிதான் பெருஞ்செல்வம். யாருக்கு யார் பணிய வேண்டும் என்பதைக் கால்சட்டையின் நிறம் தீர்மானிக்கிறது. கீழ்நிலையில் இருப்பவன் மூக்கில் சிறுமணி மாட்டிக்கொள்ள வேண்டும். காரகும் பாலைவனத்தில் எடுத்தார்கள். வேற்றுக் கோளின் கலங்கள் துருப்பிடித்த இரும்புச் சட்டிகளைப்போல இருக்கும். அதிகாரம் எவ்வளவு அற்பமான பொருள்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைக் காட்ட ஒரு தீக்குச்சியும் ஒரு மணியும் அவருக்குப் போதுமாக இருந்தன. இந்தப் படம் வந்தபோது அவர் பாவை அரங்கம் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் போனார் என்ற கதை இங்கேயே அடிபட்டுப்போகிறது.

4. பாவை அரங்கம்

திபிலீசியின் பழைய நகரப் பகுதியில் ஷாவ்தேலி தெருவில் அந்த அரங்கம் இருக்கிறது. பக்கத்தில் ஆறாம் நூற்றாண்டின் அஞ்சிஸ்காத்தி தேவாலயம். உள்ளே சுமார் 80 பேர்தான் உட்காரலாம். எழுதுவது, பாவைகளை வரைந்து வடிவமைப்பது, மேடை அமைப்பது, இயக்குவது என எல்லாம் அவரே. பொம்மை நாடகம் என்றால் குழந்தைகள் சமாசாரம் என்று நினைத்த ஆட்சியில், பெரியவர்களுக்காகவே பாவை நாடகம் எழுதினார். சினிமாவைக் கண்காணித்த அளவுக்கு இதை யாரும் கண்காணிக்கவில்லை என்பது அவருக்குக் கிடைத்த வசதி.

முதல் நாடகம் ‘ஆல்ஃபிரெட்டும் வயலெட்டாவும்’. வெர்தியின் இசை நாடகம் வழியாக உலகம் அறிந்த காதலர்களைத் திபிலீசித் தெருவுக்குக் கொண்டுவந்தார். அடுத்து ‘மார்ஷல் த ஃபாந்தியேயின் வைரம்’. பிறகு ‘நம் வசந்தத்தின் இலையுதிர்காலம்’. போருக்குப் பிந்திய குட்டாயிசியில் போரியா என்ற பறவையையும் தொம்னா என்ற மூதாட்டியையும் சுற்றிய கதை அது.

அவருடைய நாடகங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பாவையாட்டிகள் கறுப்பு உடையில் பார்வையாளர் கண்முன்னேயே நிற்கிறார்கள். சிறு பாவையின் முதுகுக்குப் பின்னால் ஐந்து விரல்களும் தெரிகின்றன. சில பாவைகளுக்கு நூல், சிலவற்றுக்குக் கம்பி, சிலவற்றை நேராகவே கையில் பிடித்து ஆட்டுகிறார்கள். முதல் சில நிமிடங்கள் நம் கண் கைகளைப் பார்க்கும். அதன்பிறகு கை மறைந்துபோகும். பாவை திரும்பிப் பார்த்தால் நாமும் திரும்பிப் பார்ப்போம். கையை மறைக்க அவர் எந்த ஏற்பாடும் செய்யவில்லை என்பதே எனக்கு முக்கியம். சினிமாவில் கண்ணுக்குத் தெரியாத கைகளால் அவர் பட்டது போதும். இங்கே எல்லாக் கைகளும் வெளிச்சத்தில் இருக்கின்றன.

இது சினிமாவை உதறிவிட்ட மேடையும் இல்லை. குரல்களும் இசையும் முன்கூட்டியே பதிவானவை. காட்சிகள் குறுகியவை. படத்தொகுப்பில் வெட்டியதுபோல ஊரிலிருந்து ஊருக்குத் தாவுகின்றன. அரங்கு இருண்டு, ஒரே விளக்கு ஒரு சாண் உயரப் பாவையின் முகத்தில் விழும்போது கிடைப்பது அசலான அண்மைக்காட்சி. சோவியத் ஸ்டுடியோக்களில் கற்ற வித்தை முழுவதையும் மேசையளவு மேடைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

5. எறும்பும் குதிரையும்

1996இல் அவர் உருவாக்கிய ‘ஸ்டாலின்கிராட் போர்’ உலகம் சுற்றிவந்த படைப்பு. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் ஜார்ஜியாவுக்குக் கொடிய காலம். சோவியத் ஒன்றியம் உடைந்தது. 1991 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் திபிலீசியின் நடுவிலேயே, ருஸ்தாவெலி சாலையில், ஜார்ஜியர்கள் ஜார்ஜியர்களைச் சுட்டார்கள். மின்சாரம் இல்லை, ரொட்டிக்கு வரிசை. கப்ரியாட்ஸே இந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் வெளிநாடுகளில் வேலை செய்தார். அப்படி ஊர்விட்டு ஊர் அலைந்த காலத்தில்தான் அவர் மனம் ஸ்டாலின்கிராட்டுக்குப் போனது.

1942 ஆகஸ்டிலிருந்து 1943 பிப்ரவரி 2 வரை நடந்த அந்தப் போரில் செத்தவர்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகிறது. தளபதிகளின் நினைவுக்குறிப்புகள், வெற்றித் தூண்கள், பல மணி நேரம் ஓடும் போர்ப்படங்கள் என்று அதைச் சொல்ல சோவியத் நாடு எல்லாவற்றையும் பெரிதாகச் செய்தது. கப்ரியாட்ஸே மேசையில் மணலைக் கொட்டினார். அந்த மணலிலிருந்து தலைக்கவசங்கள் எழுந்து வருகின்றன. அல்யோஷா என்ற வண்டிக்குதிரை நத்தாஷா என்ற சர்க்கஸ் குதிரையைக் காதலிக்கிறது. போர் அவர்களைப் பிரிக்கிறது. எறும்புத் தாய் ஒருத்தி தன் மகளைப் பறிகொடுத்துவிட்டுப் புலம்புகிறாள்.

அந்த எறும்பின் புலம்பலைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். லட்சம் பேர் இறந்தார்கள் என்று கேட்கும்போது மனம் மரத்துப்போகிறது. நம்மால் லட்சத்துக்கு அழ முடியாது. அங்கே, காலடியில் நசுங்கும் ஓர் உயிருக்குத் தாய் இருக்கிறாள் என்று காட்டிவிட்டால், மணலுக்குள் கிடக்கும் ஒவ்வொருவனுக்கும் தாய் இருந்தாள் என்பதை மனம் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. யார் ரஷ்யன், யார் ஜெர்மானியன் என்ற கேள்வி எறும்புக்கு இல்லை. ஜெர்மன் கைதிகளைத் தன் ஊரில் பார்த்து வளர்ந்த சிறுவன் அரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுதிய போர் இது.

இந்தக் கதையைப் படமாக எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்? எறும்பு கணினிவரைகலை ஆகியிருக்கும், குதிரை வித்தைகாட்டியிருக்கும். கம்பியும் துணியுமான குதிரை நொண்டி நொண்டி நடக்கும்போது, அதை நடத்திவைக்கும் விரல்களின் பரிவும் சேர்ந்தே தெரிகிறது. துயரத்தைத் தாங்கிப்பிடிக்க ஒரு கை இருக்கிறது. திரைக்கதைத் தாளில் இதை எழுதிவிட முடியாது.

2012இல் வந்த ‘ரமோனா’ வேறு சுதி. எர்மோன், ரமோனா என்ற இரண்டு நீராவி ரயில் என்ஜின்கள் காதலர்கள். போருக்குப் பிந்திய மறுகட்டுமான வேலைக்காக எர்மோனைத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். குட்டாயிசியை ஒட்டிய ரியோனி நிலையத்தில் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் ரமோனா காத்திருக்கிறாள். 76 வயதில் ஒருவர் தண்டவாளத்தைவிட்டு இறங்க முடியாத இரண்டு இயந்திரங்களை வைத்துக் காதல் கதை செய்கிறார். மேலிடத்து உத்தரவால் பிரிக்கப்பட்ட தலைமுறையைச் சொல்ல இதைவிட நேரான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

6. நகரத்தில் விட்டுப்போனவை

கைக்கு அடங்கும் அளவிலேயே வேலை செய்வது என்ற பிடிவாதம் அரங்கத்தோடு நிற்கவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் குதிரைமேல் அமர்ந்த மன்னர்களின் வெண்கலச் சிலைகளுக்குப் பேர்போனது. அங்கே ஃபொந்தான்கா ஆற்றின் கரைச்சுவரில், தண்ணீரை ஒட்டி, 1994இல் அவர் செய்த ‘சீஷிக்-பீஷிக்’ என்ற வெண்கலக் குருவி வைக்கப்பட்டது. உயரம் 11 சென்டிமீட்டர். ரஷ்யக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கைப் பாட்டில் வரும் குருவி அது. போகிறவர்கள் மேலிருந்து காசு போடுவார்கள், குருவியின் பீடத்தில் காசு நின்றால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. பலமுறை திருடு போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நகரம் மறுபடி வைத்திருக்கிறது.

திபிலீசியில் தன் அரங்கத்தை ஒட்டி அவர் எழுப்பிய மணிக்கூண்டு 2010இல் முடிந்தது. சாய்ந்து விழப்போவதுபோல நிற்கும், ஓர் இரும்புத் தூண் முட்டுக்கொடுத்திருக்கும். இடிந்த பழைய வீடுகளிலிருந்து எடுத்த கற்களும் செங்கற்களும் அதில் கலந்திருக்கின்றன. ஓடுகளில் அவர் கைப்பட வரைந்த படங்கள். மணிக்கொருமுறை மேலே கதவு திறந்து ஒரு தேவதை வெளியே வந்து சுத்தியலால் மணியடிக்கிறது. பகல் 12 மணிக்கும் மாலை 7 மணிக்கும் கீழே சிறு திரை விலகும். ஆணும் பெண்ணும் சந்தித்து, மணந்து, பிள்ளை பெற்று, முதுமையடைந்து மறைவது வரை நிமிட நேரத்தில் பாவைகள் காட்டிவிடும். வெங்காயம் நறுக்கும்போது மட்டுமே நமக்குக் கண்ணீர் வரட்டும் என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று அங்கே பொறித்திருக்கிறது. போரும் பஞ்சமும் பார்த்த ஊருக்கு அவர் கேட்ட வரம் அது.

7. ஒரு மறுப்பும் என் பதிலும்

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. ‘மிமினோ’வில் ஆர்மீனிய லாரி ஓட்டுநராக வரும் ஃப்ருன்ஸிக் மெக்ரிச்யானின் முகம் தரும் மகிழ்ச்சியை எந்தப் பாவையும் தர முடியாது. பிறர் கைகள் சேர்ந்ததால்தானே அந்தப் படங்கள் கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தன? 80 இருக்கைகள் கொண்ட அரங்கம் எங்கே, சோவியத் நாட்டின் திரையரங்குகள் எங்கே?

இதில் நியாயம் இருக்கிறது. கப்ரியாட்ஸேவும் அதை அறிந்தவர்தான். அதனால்தான் 2004இல் மிகயீல் பரீஷ்னிக்கோவ் என்ற நடனமேதையோடு மனித நடிகர்களை வைத்தே ‘தடைசெய்யப்பட்ட கிறிஸ்துமஸ்’ நாடகத்தைச் செய்தார். காதல் முறிந்து, தன்னை ஒரு மோட்டார் காராக நினைத்துக்கொள்ளும் மனிதனின் கதை. பிறரோடு சேர்ந்து வேலை செய்வதை அவர் எந்தக் காலத்திலும் வெறுக்கவில்லை. எதை வெட்டலாம், எதை விடலாம் என்று படைப்பைத் தொடாத ஒருவர் தீர்மானிப்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. அவருடைய அரங்கத்தின் சிறிய அளவு, அந்த விடுதலைக்கு அவர் மனமார ஒப்புக்கொடுத்த விலை. அந்த அரங்கமோ பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் பெட்டிகளில் பயணம்போய் வந்தது.

இங்கே காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இருப்பதால் பார்க்க வேண்டிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ‘மிமினோ’வில் தொடங்குங்கள், தொலைபேசிக் காட்சி உள்ள பிரதியைத் தேடிப் பிடியுங்கள். அடுத்து ‘அசாதாரணக் கண்காட்சி’. அதன்பிறகு ‘ஸ்டாலின்கிராட் போர்’ நாடகத்தின் பதிவுகளில் எது கிடைத்தாலும் பாருங்கள். கடைசியாக, அவருடைய மகன் லெவான் கப்ரியாட்ஸே 2017இல் எடுத்த ‘ரெசோ’ என்ற அசைவூட்டப்படம். ‘கின்-ட்சா-ட்சா’வில் அந்த ஜார்ஜிய மாணவனாக நடித்தவர்தான் இந்த மகன். சுமார் ஒரு மணி நேரப் படம். தந்தை கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து குட்டாயிசிக் கதைகளைச் சொல்ல, அவர் வரைந்த கோட்டோவியங்களே எழுந்து நடக்கின்றன.